பேய் பங்களாவும் டேட்டா சயின்ஸும்

இணையத்தில் ‘போனக்காடு’ என்று தட்டினால் முதலில் வருவது பேய். திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு மூலையில், அகத்தியமலை அடிவாரத்துத் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை குடியிருந்த பங்களா ஒன்று பாழடைந்து நிற்கிறது. ‘25 ஜி.பி. பங்களா’ என்று பெயர். துரையின் மகள் அங்கே செத்துப்போனாள், இன்னமும் நடமாடுகிறாள் என்பது கதை. டார்ச் லைட்டும் கேமராவுமாகப் போய் இந்தக் கதையைச் சொன்ன யூடியூபர்களுக்குக் கணக்கில்லை. அதற்கடுத்து அகத்தியர்கூட மலையேற்றம். போனக்காட்டிலிருந்துதான் ஏற வேண்டும், வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், அட்டைக்கடிக்கு உப்பும் எண்ணெயும் வேண்டும் என்று ஆலோசனைகள் குவிந்து கிடக்கும். இன்னும் கீழே விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போனால்தான் மற்றது வருகிறது: ஓடாத தொழிற்சாலை, ஒழுகும் லயங்கள், வருஷக்கணக்கில் பாக்கி நிற்கும் சம்பளம், கைக்கு வராத கிராஜுவிட்டி. தலைமுறைகளுக்கு முன்னால் கொழுந்து பறிக்க மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களின் கதை அது.

இணையம் போனக்காட்டைப் பற்றி வைத்திருக்கும் எழுத்தையெல்லாம் வாரி ஒரு கணினிக்குக் கற்றுக்கொடுத்தால், அங்கே பேய்கள் குடியிருப்பதாகவும் மனிதர்கள் சனி, ஞாயிறுகளில் வந்துபோவதாகவும் அது முடிவுகட்டும். கணினியைக் குறை சொல்ல முடியாது. கொடுத்ததை அது சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. யார் எழுதினார்கள், யாருக்கு எழுத நேரமில்லை, எழுதத் தெரிந்தும் யாரிடம் கேமரா இல்லை என்பதெல்லாம் அந்தக் குவியலுக்குள் இல்லை. புள்ளியியலில் இதைத் தேர்வுச் சார்பு என்பார்கள். டேட்டா சயின்ஸ் முதுகலை வகுப்பில் முதல் செமஸ்டரிலேயே ஒரு வரியில் வந்துபோகும். அந்த ஒரு வரியோடு பல இடங்களில் முடிந்தும் போகிறது. இந்தக் கட்டுரை அந்த வரியைப் பற்றியது.

விதுராவிலிருந்து போனக்காடு போகும் வழியில், மருதாமலை, ஜெர்சி பார்ம் பகுதியில், காட்டை ஒட்டி ஒரு பெரிய வளாகம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஐசர், அதாவது இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். நாட்டில் உள்ள ஏழு ஐசர்களில் ஒன்று. 2008-இல் நகரத்துப் பொறியியல் கல்லூரியின் கட்டடத்தில் தற்காலிகமாகத் தொடங்கி, பிறகு இந்த மலையடிவாரத்துக்கு வந்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் என்ற வழக்கமான நான்கோடு டேட்டா சயின்ஸுக்கென்றே தனிப் பள்ளி ஒன்றும் இங்கே உண்டு. யானை நடமாடும் காட்டோரத்தில் மாணவர்கள் மேட்ரிக்ஸ் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். மேலே சில கிலோமீட்டரில் மூடிய தோட்டம், அதற்கும் மேலே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியமலையின் உச்சியான அகத்தியர்கூடம். தரவு எங்கே பிறக்கிறது, எங்கே சாகிறது என்று படிக்க இதைவிடத் தோதான இடம் தென்னிந்தியாவில் இருக்குமா, தெரியவில்லை.

எங்கெங்கே படிக்கலாம்?

திருவனந்தபுரத்தைச் சுற்றிலுமே வாய்ப்பு நிறைய. நெடுமங்காடு அருகே வலியமலையில் விண்வெளித் துறையின் ஐ.ஐ.எஸ்.டி. நிறுவனம் இருக்கிறது, அங்கே கணிதத் துறையே எந்திரக் கற்றலில் எம்.டெக். நடத்துகிறது. கணினித் துறை நடத்தாமல் கணிதத் துறை நடத்துவதைக் கவனியுங்கள். அதன் அர்த்தம் பின்னால் வரும். மங்கலபுரத்தில், டெக்னோசிட்டி வளாகத்தில், 2020-இல் தொடங்கிய கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகம். 2000-இலிருந்து இயங்கிவந்த ஐ.ஐ.ஐ.டி.எம்.கே. நிறுவனத்தைத்தான் பல்கலைக்கழகமாக வளர்த்தெடுத்தார்கள். அங்கே கணினி அறிவியலின் கிளைகளோடு சூழலியல் தகவலியல் என்ற முதுகலைப் படிப்பும் உண்டு. காட்டைத் தரவாகப் படிப்பது.

மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம் 2018-இல் எம்.எஸ்ஸி. டேட்டா சயின்ஸ் தொடங்கியது. சொந்த நுழைவுத் தேர்வு, இரண்டாண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் இணையவழி இளங்கலைப் படிப்பொன்றைத் தொடங்கியது. ஜே.இ.இ. எழுதாதவர்களுக்கும், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கும் கதவு திறந்த படிப்பு அது. ஏழை மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. அதில் பட்டம் வாங்கி முதுகலைக்குப் போகிறவர்கள் இப்போது வரத் தொடங்கிவிட்டார்கள். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், ஐ.ஐ.எம்., கரக்பூர் ஐ.ஐ.டி. மூன்றும் கூடி 2015-இலிருந்து ஒரு முதுகலை டிப்ளமோ நடத்துகின்றன. ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைக்கத் துணிந்தவர்களுக்கானது. மூன்று வளாகங்களிலும் மாறிமாறிப் படிக்க வேண்டும்.

கேட் தேர்வில் 2024 முதல் டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவுக்கென்று தனித்தாளே வந்துவிட்டது. அந்தத் தாளின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதலில் நிகழ்தகவும் புள்ளியியலும். அடுத்து நேரியல் இயற்கணிதம். பிறகு நுண்கணிதமும் உகப்பாக்கமும். அதற்கப்புறம்தான் புரோகிராமிங், டேட்டாபேஸ், எந்திரக் கற்றல், செயற்கை நுண்ணறிவு. ‘பைதான் தெரிந்தால் போதும், ஆறு மாதத்தில் லட்ச ரூபாய் சம்பளம்’ என்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் இந்த வரிசையைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

பெயர்ப்பலகை மாற்றிய படிப்புகளும் இருக்கின்றன. நேற்றுவரை எம்.எஸ்ஸி. கணினி அறிவியல். இன்று அதே ஆசிரியர்கள், அதே லேப், இரண்டு பாடம் மட்டும் மாற்றி ‘டேட்டா சயின்ஸ்’. கட்டணம் மட்டும் புதிது. எந்தக் கல்லூரி என்று இங்கே சொல்லப்போவதில்லை. உங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கும்.

புதிய பெயர், பழைய வேலை

ஜான் டூக்கி என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1962-இல் தரவுப் பகுப்பாய்வின் எதிர்காலம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தேற்றங்களை நிறுவிக்கொண்டே இருக்காதீர்கள், தரவைப் பாருங்கள் என்று தன் துறைக்காரர்களையே அவர் இடித்தார். 2001-இல் வில்லியம் கிளீவ்லாந்து ‘டேட்டா சயின்ஸ்’ என்ற பெயரில் புள்ளியியலை விரிவாக்க ஒரு திட்டமே போட்டார். 2012-இல் ஓர் அமெரிக்க வணிக இதழ் இதை நூற்றாண்டின் கவர்ச்சியான வேலை என்று எழுதியது. வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் காதில் விழுந்தது அந்த வரி மட்டும்தான்.

இந்தியாவில் இந்த வேலை அதற்கு வெகு முன்பே நடந்தது. மஹலனோபிஸ் 1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். வங்காளத்தில் சணல் எவ்வளவு விளைகிறது என்று கணக்கெடுக்கப் போனவருக்கு, வயலில் நின்று எழுதும் ஆளே தவறு செய்யக்கூடும் என்பது புரிந்தது. ஆகவே ஒரே பகுதியை இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்தார். இரண்டு விடையும் எவ்வளவு நெருங்குகின்றனவோ, அவ்வளவுதான் நம் கணக்கின் நம்பகம். 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியபோதும் இந்தச் சிந்தனை கூடவே வந்தது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி.ஆர். ராவிடம் ஆராய்ச்சி செய்தவர்தான் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர். ஸ்ரீனிவாச வரதன். அரிதாக நடப்பவற்றின் நிகழ்தகவைக் கணிக்கும் கோட்பாட்டுக்காக 2007-இல் ஏபெல் பரிசு வாங்கினார். தமிழ்நாட்டில் எத்தனை டேட்டா சயின்ஸ் வகுப்புகளில் இந்தப் பெயர் உச்சரிக்கப்படுகிறது?

மலையுச்சியில் ஓர் அளவுகோல்

இனி போனக்காட்டுக்கு மேலே போவோம்.

சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வகம் கட்டினார். முதலில் ஜான் கால்டிகாட் என்பவர் பொறுப்பில் இருந்தார். அவர் காலமான பிறகு, 1852-இல், ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் புரூன் வந்து சேர்ந்தார். பூமியின் காந்தப் புலத்தை அளப்பதில் கைதேர்ந்தவர். காந்த ஊசி ஒரு நாளில் எந்தெந்த நேரத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று மணிக்கு மணி எழுதுவதுதான் அவர் வேலை. காற்றழுத்தம், வெப்பநிலை எல்லாம் கூடவே.

ஒரு சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. தரையில் அளப்பது உயரத்திலும் அப்படியே இருக்குமா? விடை காண, அகத்தியமலை உச்சியிலேயே இரண்டாவதாக ஓர் ஆய்வகம் கட்டிவிட்டார். 1850-களில், சாலை என்று ஒன்று இல்லாத காட்டில். கருவிகள் மனிதர் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும். உள்ளூர் உதவியாளர்கள் பயிற்சி பெற்று, அந்தக் குளிரிலும் மேகத்திலும் அளவெடுத்தார்கள். கீழே திருவனந்தபுரத்தில் ஒருவர் எழுதும் அதே நேரத்தில் மேலே இன்னொருவர் எழுத வேண்டும். இரண்டில் ஒன்று தவறினால் ஒப்பிடவே முடியாது.

1865-இல் புரூன் ஊர் திரும்பினார். அந்த எண்களைச் சரிபார்த்து, திருத்தி, கூட்டிக் கழிக்க இன்னும் பல வருடங்கள் ஆயின. 1874-இல்தான் லண்டனில் திருவனந்தபுரம், ‘அகஸ்தியா மல்லி’ ஆய்வகங்களின் காந்தப் பதிவுகள் தடித்த நூலாக வெளிவந்தன. அளந்து முடித்த பிறகும் திருத்த இவ்வளவு காலம் ஆனது என்பது இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

அத்தனை பாட்டுக்கும் என்ன கிடைத்தது? பூமத்திய ரேகைக்கு அருகே காந்த ஊசியின் அன்றாட அசைவு, ஆண்டின் ஒரு பாதியில் வடகோளத்தின் முறையிலும் மறு பாதியில் தென்கோளத்தின் முறையிலும் நடக்கிறது என்பது. காந்தக் குலைவுகள் ஓரிடத்துச் சமாசாரம் அல்ல, உலகின் பல மூலைகளில் ஒரே சமயத்தில் வருகின்றன என்பது. சுமார் 26 நாளுக்கு ஒருமுறை ஒரு தாளம் திரும்புகிறது, அது சூரியன் தன்னைத்தானே சுற்றும் காலத்தோடு ஒட்டுகிறது என்பது. இதையெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாமல், கையால் சராசரி எடுத்தே கண்டார். பூமியின் காந்த நடுக்கோடு பக்கத்தில் ஓடுகிறது என்பதற்காகத்தான் 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது என்று சேர்த்துப் பார்த்தால், திருவனந்தபுரத்தின் விண்வெளிக் கதைக்கு நூறு வருடத்துக்கு முந்தைய முன்னுரை அகத்தியமலையில் எழுதப்பட்டிருக்கிறது.

மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தாமிரபரணி பிறக்கிறது. நமக்கு அந்த மலைதான் பொதிகை. அகத்தியர் தமிழ் தந்த மலை. அங்கே ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உட்கார்ந்து நெடுவரிசையும் கிடைவரிசையுமாக எண்களை அடுக்கினார் என்பதைப் பாபநாசத்தில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

தராசு காட்டியதும் ஏட்டில் ஏறியதும்

தேயிலைத் தோட்டம் என்பதே தரவின் மேல் நடக்கும் தொழில். காலையில் மஸ்டர்: யார் வந்தார், யாருக்கு எந்தக் காடு. சாயங்காலம் கொழுந்து நிறுவை: யார் எத்தனை கிலோ. மாதக் கடைசியில் செக்ரோல்: யாருக்கு எவ்வளவு கூலி, எதற்கு எவ்வளவு பிடித்தம். நடுவே மழைமானி, உரக் கணக்கு, மருந்தடிப்பு நாள். நன்றாக ஓடும் எந்தத் தோட்டத்தின் ஆபீஸ் அலமாரியும் ஒரு முதுகலை மாணவனின் இரண்டு வருடத்துக்குத் தீனி.

நிறுவையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் சாக்கை இறக்கி வைக்கிறார். தராசு 24 கிலோ காட்டுகிறது என்று வையுங்கள். சாக்கின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழித்து 22 என்று ஏட்டில் ஏறுகிறது. மழை நாளில் மூன்றோ நான்கோ கழியும். இப்படிக் கழிப்பது தோட்டங்களில் பழைய வழக்கம். அதைப் பற்றிய சண்டையும் அவ்வளவு பழையது.

பல வருடம் கழித்து அந்த ஏட்டை யாரோ எக்செல்லில் ஏற்றுகிறார்கள். பத்தியின் தலைப்பு ‘எடை’. ஒரு மாணவர் அதை எடுத்து, மழைக்கும் கொழுந்துக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிக்கும் மாடல் ஒன்று செய்கிறார். மழை நாளில் பறிப்பு குறைகிறது என்று மாடல் சொல்கிறது. துல்லியம் அபாரம். வரைபடம் அழகு. வைவாவில் கைதட்டல்கூட விழும். ஆனால் அந்த மாடல் கண்டுபிடித்ததில் ஒரு பங்கு மழையுடையதே அல்ல. கணக்குப்பிள்ளையின் பேனா எவ்வளவு கழித்தது என்பதை அது சிரத்தையாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் இது தெரிந்திருக்கும். எந்த நியூரல் நெட்வொர்க்கும் இதை உள்ளே இருந்துகொண்டு கண்டுபிடிக்காது. தகவலே கோப்பில் இல்லையே.

இல்லாத தரவிலும் வகை உண்டு. டொனால்ட் ரூபின் 1976-இல் இதை ஒழுங்குபடுத்தினார். ஏட்டில் காப்பி கொட்டி ஒரு பக்கம் அழிந்துவிட்டது என்றால், அது வெறும் தற்செயல். மிச்சத்தை வைத்துக் கணக்குப் போடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் இல்லாததால் எழுதவில்லை என்றால், காரணம் நமக்குத் தெரியும், சமாளிக்கலாம். மூன்றாவதுதான் பொல்லாதது: எது பெரிதோ அதனாலேயே அது எழுதப்படாமல் போவது. மழைமானியைப் போய்ப் பார்க்க முடியாத அளவுக்கு மழை கொட்டிய நாளில்தான் பதிவு இல்லை. அந்தக் காலி இடத்தை மாதச் சராசரியால் நிரப்பினால், வெள்ளம் வந்த நாளைத் தூறல் நாளாக்கிவிடுவோம். பைதானில் அதற்கு ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறார்கள் என்பதுதான் பயமாக இருக்கிறது.

மனிதர்களுக்கும் இது பொருந்தும். நொடித்துப்போன தோட்டத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினால், அங்கே இன்னும் இருப்பவர்கள்தான் பதில் சொல்வார்கள். கூலி வராமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள். மிஞ்சியவர்களின் சராசரியைப் பார்த்துவிட்டு ‘நிலைமை அவ்வளவு மோசமில்லை’ என்று அறிக்கை எழுதுவது ரொம்பச் சுலபம்.

காட்டிலும் அதே கதைதான். பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்துக்குள் கேமராப் பொறி வைத்துப் படம் விழவில்லை என்றால், விலங்கு இல்லை என்று அர்த்தமா, கண்ணில் படவில்லை என்று அர்த்தமா? ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்து, ‘பார்க்கத் தவறும் வாய்ப்பு’ எவ்வளவு என்பதையே தனியாக மதிப்பிடும் முறையை 2002-இல் மெக்கென்சியும் கூட்டாளிகளும் முன்வைத்தார்கள். சூழலியல் படிப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. பேங்கில் கடன் கொடுக்க மாடல் செய்கிறவர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்தால் நல்லது. கடன் மறுக்கப்பட்டவர் திருப்பிக் கட்டியிருப்பாரா என்பது அவர்கள் கோப்பில் எப்போதும் காலிக் கட்டம்தான்.

காணிகளின் பங்கு

இதே மலையில் இன்னொரு பாடமும் நடந்தது. 1987-இல் தாவரவியல் அறிஞர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு அகத்தியமலைக் காட்டுக்குள் போனது. வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்கள். கேட்டதும் சட்டென்று சொல்லிவிடவில்லை. பிறகுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். விதுராவுக்குப் பக்கத்தில் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தைச் செய்தது. கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தபோது 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும் பேசி, அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதற்காகவே 1997-இல் காணிகளின் அறக்கட்டளை உருவானது. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நடைமுறையில் சிக்கல்கள் வந்தன என்பதும், எல்லாக் காணிகளையும் கேட்டீர்களா என்ற கேள்வி எழுந்ததும் உண்மை. ஆனாலும் ‘கேட்டீர்களா?’ என்ற கேள்வி அங்கே எழுந்ததே பெரிய விஷயம்.

இன்று மொழி மாடல்களுக்குத் தீனியாகப் போகும் எழுத்துக்கு, மருத்துவமனைகள் திரட்டும் நோயாளிகளின் விவரத்துக்கு, அப்படி யார் கேட்டார்கள்? கோவிட் காலத்தில் கேரள அரசு திரட்டிய விவரங்கள் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளுக்குப் போனபோது விவகாரம் உயர்நீதிமன்றம் வரை சென்றது. பெயர் அடையாளங்களை நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் இடைக்கால உத்தரவு வந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல்தான் நிறைவேறியது. முதுகலைப் பாடத்திட்டங்களில் ‘எதிக்ஸ்’ என்று ஒரு தாள் இப்போது இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு கிரெடிட், கடைசி செமஸ்டர், வெள்ளிக்கிழமை மதியம்.

சேரும் முன்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு நிலவரம் தலைகீழ். தரவைப் படித்து, வரைபடம் போட்டு, மாடல் ஓட்டும் நிரலை இப்போது கேட்டால் எழுதித் தருகிறது. புதிதாகச் சேரும் ஆளுக்குக் கம்பெனிகள் கொடுத்துவந்த முதல் வருட வேலை கிட்டத்தட்ட அதுவேதான். ஆகவே டூல் தெரியும் என்பதை மட்டும் வைத்து இனி பிழைக்க முடியாது. கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கிலும் சரி, சிறுசேரியிலும் சரி, மிஞ்சி நிற்கும் வேலை இரண்டு ஓரங்களில் இருக்கிறது. ஒன்று கணிதம் தெரிந்தவர்கள் செய்வது. மாடல் ஏன் தப்பியது என்று உள்ளே இறங்கிப் பார்ப்பது. மற்றது களம் தெரிந்தவர்கள் செய்வது. எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பது. நடுவில் இருந்த பெருங்கூட்டம்தான் கரைகிறது. வலியமலையில் கணிதத் துறை எம்.டெக். நடத்துவதைக் கவனிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கணிதமோ புள்ளியியலோ இயற்பியலோ இளங்கலை படித்தவர்கள் தயங்காமல் வரலாம்; நுழைவுத் தேர்வுகளான ஜாம், கேட் இரண்டும் பிப்ரவரியில் நடக்கும், தயாரிப்புக்கு ஒரு வருடமாவது ஒதுக்குங்கள். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் கஷ்டம்தான். ஆனால் நிகழ்தகவு எந்த மொழியிலும் கஷ்டம்தான் என்பது வகுப்பில் உட்கார்ந்ததும் தெரிந்துவிடும்.

பணம் கட்டும் முன் துறைத் தலைவரிடம் ஒன்று கேளுங்கள்: போன வருட மாணவர்கள் புராஜெக்டுக்கு எந்தத் தரவை எடுத்தார்கள்? ‘டைட்டானிக்’, ‘ஐரிஸ் பூ’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். ஐரிஸ் தரவில் மொத்தம் 150 பூக்கள். ரொனால்ட் ஃபிஷர் 1936-இல் வெளியிட்டார் என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அளந்தவர் ஃபிஷர் அல்ல, எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர். அதில் இரண்டு இனங்களைக் கனடாவில் ஒரே புல்வெளியில், ஒரே நாளில் பறித்து, ஒரே ஆள் ஒரே கருவியால் அளந்ததாக அவர் பொறுப்பாக எழுதியும் வைத்திருக்கிறார். லட்சக்கணக்கான மாணவர்கள் அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பைத் திறந்தவர்கள் குறைவு.

நல்ல புராஜெக்ட் வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 2020-இல், ஊரடங்கில் அடைந்து கிடந்த பிரிட்டன்காரர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, பழைய மழைப் பதிவேடுகளின் ஏறக்குறைய 66,000 தாள்களை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து முடித்தார்கள். ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் முன்னின்று நடத்திய வேலை. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களின் மழை ஏடுகளுக்கு அப்படி ஒன்று நடந்ததாகத் தெரியவில்லை. தொழிற்சாலை பூட்டப்பட்டு, கூரை ஒழுகி, கரையான் ஏறுவதற்குள் யாராவது போய்க் கேட்டால் உண்டு.

அங்கே போகிறவர் முதலில் முட்டிக்கொள்ளப்போவது நேரத்தில். இந்தியத் திட்ட நேரம் 1906-இல்தான் வந்தது. அதற்கு முன் திருவனந்தபுரத்துக்கென்று ஒரு மணி இருந்தது. இன்றைய நேரத்தைவிட ஏறக்குறைய 22 நிமிடம் பின்னால். அகத்தியமலை உச்சிக்குச் சூரியக் கணக்குப்படி அதிலும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வித்தியாசம். அந்தக் காலத்துக் காந்த ஆய்வகங்கள் பலவும் ஒன்றோடொன்று ஒப்பிட ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர நேரத்தைப் பின்பற்றின. ‘காலை 10 மணி’ என்று ஒரு ஏட்டில் இருந்தால், எந்த ஊர் மணி என்று முன்னுரையையும் அடிக்குறிப்பையும் தேடிப் படித்துத்தான் தீர்க்க வேண்டும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணியளவில் உச்சிக்கு ஏறி, மாலை நாலு மணியளவில் தாழும். கடிகாரத்தைப் போல ஒழுங்காக நடக்கும். ஆகவே முன்னுரை தொலைந்துபோன ஏட்டிலும் ஒரு வழி உண்டு. அழுத்தத்தின் உச்சி எந்த மணியில் விழுகிறது என்று பார்த்தால், எழுதியவர் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். மாணவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம். பைதானில் முப்பது வரிகூட வராது.